இரண்டு முறை கழுவிய டாங்க்

பெட்ரோல் குறைகிறது என்று முதலில் சொன்னவர் அத்தான்தான், என் அக்காவின் கணவர். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தொடாமல், சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"நேத்து சாயங்காலம் முக்கா டாங்க் இருந்துச்சு. காலையில பாத்தா பாதிக்குக் கொஞ்சம் மேல நிக்குது."

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"ஆவியாப் போயிருக்கும்."

"ராத்திரியோட ராத்திரியா அவ்வளவு ஆவியாப் போகுமா?"

"அப்ப பூனை குடிச்சிருக்கும்."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். சகலைகள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அத்தான் அதற்குப் பிறகு சாப்பிட்டார், ஆனால் மறுசோறு வாங்கவில்லை.

அக்காவும் நானும் ஒரே வீட்டின் இரண்டு பாகங்களில் குடியிருந்தோம். நடுவில் சுவர், சுவரில் ஒரு கதவு. கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் உண்டு. போட்டதில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, "என் தங்கச்சியை என் வாசல்லயே வச்சுக் குடும்பம் நடத்துறதா இருந்தா மேற்கொண்டு பேசலாம்" என்று முதல் பேச்சிலேயே சொன்னவள். அதற்கு ஒத்துக்கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர். வந்த இடத்தில் சகலையின் தொழிலையே தானும் பிடித்துக்கொண்டார்.

தொழில் புல் வெட்டுவது. எங்கள் தெருக்கோடியில் இருந்த சந்து வழியாகப் போனால் பெரிய விளையாட்டு மைதானம் வரும். அதன் புல் முழுக்க இவர்கள் பொறுப்பு. முதலில் தள்ளிக்கொண்டு நடக்கிற மெஷினில் வெட்டினார்கள். மழைக்காலத்தில் ஒரு மூலையை முடித்துத் திரும்பினால் மறு மூலை முழங்கால் உயரம் நிற்கும். அதனால்தான் இரண்டு பேரும் சேர்ந்து, உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினார்கள். ஏதோ ஒரு கிளப்பில் பல வருஷம் ஓடித் தேய்ந்த வண்டி. கறுப்பு நிறம், மெத்தனமான நடை, புல்லைக் கண்டால் நிறுத்தாத வாய். அதற்கு 'எருமை' என்று பெயர் வைத்தவள் அக்கா.

எருமையின் இருக்கையைத் தூக்கினால் அடியில் பெட்ரோல் டாங்க் இருக்கும். வெள்ளை பிளாஸ்டிக், வெயில் பட்டு மஞ்சள் பாய்ந்தது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது வெளியிலேயே நிழல்போலத் தெரியும். அந்த வசதிதான் எங்களுக்கு வினையாக வந்தது.

வேலையைப் பங்கு பிரித்திருந்தார்கள். காலையில் என் வீட்டுக்காரர் வண்டியில் உட்காருவார், அத்தான் ஓரங்களைக் கைமெஷினால் வெட்டி வாருவார். மதியத்துக்கு மேல் மாறிக்கொள்வார்கள். பெட்ரோல் கேன் மைதானத்துச் சாமான் அறையில் இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் மறுநாளைக்கு வேண்டியதை அங்கேயே ஊற்றிவிட்டு, வண்டியைச் சந்து வழியாக வீட்டுக்கு ஓட்டிவந்து பின்பக்கக் கொட்டகையில் விடுவார்கள். காலையில் எடுப்பதற்கு முன் இருக்கையைத் தூக்கிப் பார்ப்பார்கள். பார்க்கிற ஒவ்வொரு காலையும் குறைந்திருந்தது.

அத்தானிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. என் வீட்டுக்காரர் விடுமுறை நாளில் கைமெஷினை எடுத்துக்கொண்டு வீட்டுத் தோட்டங்களுக்குப் போவார். ஆக இரண்டு பேருக்கும் பெட்ரோல் வேண்டும். இரண்டு பேரும் அதை யோசித்துவிட்டார்கள் என்று அவர்கள் பேச்சை நிறுத்தியபோது எனக்குப் புரிந்தது.

ஆண்கள் நிறுத்திய பேச்சைப் பெண்கள் எடுத்துக்கொண்டோம். பின்பக்கக் குழாயடியில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"சில வீட்டுல பெட்ரோலுக்குக் கால் முளைக்குதாம்."

"எந்த வீட்டுலக்கா?"

"ஊர்ல சொன்னேன்."

"ஊர்ல சொல்றதை எதுக்கு என்கிட்ட சொல்ற?"

"உனக்கு ஏன் சுருக்குன்னுது? பேச்சுன்னா நாலும் வரும்."

"வரட்டும். அந்த மொபெட் காத்துலயா ஓடுதுன்னும் ஊர்ல கேக்குறாங்க."

அக்கா கையிலிருந்த தட்டைக் கல்மேல் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் அதிகம்.

"உன் புருஷன் சொல்லிக் குடுத்ததா?"

"இல்லக்கா. சும்மா சொன்னேன்."

"சும்மா வாயில இது வராதுடி."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் அதற்குமுன் சிரித்த சிரிப்பு அல்ல அது. பாத்திரங்களை அவரவர் கூடையில் தனித்தனியாக அடுக்கிக்கொண்டு உள்ளே போனோம்.

அத்தான் கொட்டகைக்கு ஒரு பூட்டு வாங்கிவந்தார். சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டார். மறுநாள் என் வீட்டுக்காரரும் ஒரு பூட்டு வாங்கிவந்து அதே தாழ்ப்பாளில், அதற்குப் பக்கத்திலேயே மாட்டினார்.

"ரெண்டு பூட்டு எதுக்கு சகலை?" என்றார் அத்தான்.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. ரெண்டு பேரும் நின்னாத்தான் கதவு தொறக்கும். நல்லதுதானே?"

"ரொம்ப நல்லது."

அன்றிலிருந்து காலையில் ஒருவர் பல் தேய்த்து முடிக்கும்வரை மற்றவர் கொட்டகை வாசலில் நிற்பார். கல்யாண வீட்டில் சம்பந்திகள் நிற்பதுபோல, பக்கத்தில் பக்கத்தில், முகம் மட்டும் வேறு திசையில். இரண்டு பூட்டையும் திறப்பார்கள், இருக்கையைத் தூக்குவார்கள். குறைந்திருக்கும்.

இரண்டு பூட்டுக்குள்ளேயும் பெட்ரோல் குறைந்ததைப் பார்த்தபிறகாவது வேறு காரணம் இருக்குமோ என்று யோசித்திருக்கலாம். அவர்கள் யோசித்தது வேறு. அன்று மாலை என் வீட்டுக்காரர் சுவரைக் கண்ணால் காட்டிவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"என் சாவிக்கு ஒரு மாத்துச் சாவி போட்டிருக்கார்."

"உங்க சாவி உங்க சட்டைப் பையிலதானே இருக்கு?"

"சட்டை கொடியில காயுதுல்ல?"

"நீங்களே கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா ஒத்துக்குவாரா? கையும் களவுமாப் பிடிக்கணும்."

சுவருக்கு அந்தப் பக்கமும் தாழ்ந்த குரலில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வார்த்தை கேட்கவில்லை. 'சாவி' என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது.

எனக்குப் பயம் பெட்ரோலைப் பற்றி இல்லை. எருமை இரண்டு பேருக்கும் பொது. அதைப் பிரிக்க முடியாது. பிரிந்தால் மைதானம் போகும். மைதானம் போனால் இந்த வீட்டின் வாடகையை ஒரு குடும்பம் தனியாகத் தாங்க முடியாது. யாராவது ஒருவர் காலிசெய்வார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ வந்து குடியிருப்பார்கள், தாழ்ப்பாள் போடுவார்கள். அக்கா இல்லாத வீட்டில் நான் ஒருநாள்கூட இருந்ததில்லை.

காலை முழுக்க மழையில் வண்டியை எடுக்கவே முடியாமல், பிறகு வெயில் அடித்த ஒரு மதியம் அது நடந்தது. அத்தான் மைதானத்தின் நடுவில் எருமைமேல் இருந்தார். காலில் ஏதோ ஜில்லென்று பட்டதாம். ஈரப்புல் தெறிக்கிறது என்று நினைத்து இன்னொரு சுற்று ஓட்டியிருக்கிறார். பிறகு வாசனை. குனிந்து பார்த்தால் கால்சட்டை முழங்காலிலிருந்து கணுக்கால்வரை நனைந்திருக்கிறது, பெட்ரோல். கொதிக்கிற இன்ஜின் இரண்டடி தள்ளி. ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிட்டார். எருமை ஆள் இல்லாமலே கொஞ்ச தூரம் மேய்ந்துகொண்டு போய் நின்றது.

வீட்டுக்கு வந்தவர் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே இருந்தார். தோல் சிவந்து திட்டுத்திட்டாக எரிந்திருந்தது. அக்கா தேங்காயெண்ணெயை எடுத்துவந்தாள்.

"ஒரு பொறி பட்டிருந்தா?" என்றாள். "ஒரே ஒரு பொறி?"

"படலையே."

"பட்டிருந்தா?"

என் வீட்டுக்காரர் கொட்டகை வாசலிலேயே நின்றார். பக்கத்தில் வரவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. பயத்தால்தான் என்று நினைத்தேன்.

டாங்க்கின் பக்கவாட்டில், முக்கால் உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. முதலில் சோப்புக்கட்டியைத் தேய்த்து அடைத்தார்கள். சந்து திரும்புவதற்குள் கரைந்துவிட்டது. பிறகு இரண்டு களிம்பைப் பிசைந்து பூசுகிற பசையை வாங்கிப் பூசினார்கள். இறுகிக் கல்லாயிற்று. மறுநாள் நகத்தால் நெம்பினால் காய்ந்த பொருக்குபோல அப்படியே கழன்று வந்தது. அந்த பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் பிடிக்காது என்று அப்போதுதான் தெரிந்தது.

இதற்கிடையில் மைதானத்து மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

"மாட்ச் வருது. புல்லு கணுக்கால் தாண்டிடுச்சு. முடியலன்னா சொல்லிடுங்க. வேற ஆளுங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

"முடிச்சிடுவோம் சார்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பல நாளுக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சொன்ன ஒரே வாக்கியம்.

நான் அப்போது ஓர் அச்சகத்தில் பக்கங்களை மடித்து அடுக்கும் வேலையில் இருந்தேன். அச்சகத்துக்கு எதிரிலேயே பழைய உதிரிபாகக் கடை. கடைக்காரரை எல்லோரும் 'அரைப்புருவம்' என்றுதான் கூப்பிடுவார்கள். இடது புருவத்தில் பாதி இல்லை. டாங்க்கைத் துணிப்பையில் போட்டு மூன்று பேருமாக அவரிடம் போனோம்.

"புது டாங்க் கிடைக்காது" என்றார் பார்த்த உடனே. "இந்த மாடலே இப்ப வர்றதில்ல. இதைச் சூட்டுக்கோலால உருக்கித்தான் ஒட்டணும். வேற வழி கிடையாது."

"நீங்களே ஒட்டிக் குடுத்துடுங்களேன்."

அவர் தன் பாதிப் புருவத்தைத் தொட்டுக் காட்டினார். "இது எப்படிப் போச்சுன்னு நெனைக்கிறீங்க? நெறஞ்ச டாங்க் சாது. காலி டாங்க்தான் பேய். உள்ள ஒண்ணும் இல்லன்னு நெனச்சுச் சூட்டை வைப்போம். ஆவி இருக்கும். மூஞ்சியிலயே அடிக்கும். நான் இனிமே டாங்க்கைத் தொடுறதில்லன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், பொண்டாட்டி தலையில."

"அப்ப நாங்க எப்படி?"

"சோப்புப் போட்டுக் கழுவணும். நல்லாக் கழுவணும். அப்புறம் வெடிப்பு மேல இருக்கிற மாதிரி படுக்கப் போட்டு, வெடிப்பு வரைக்கும் தண்ணி நெரப்பிடணும். ஆவி நிக்க எடம் இருக்காது. ஆனா ஒண்ணு. கழுவுறதுல மிச்சம் வச்சீங்கன்னா, அந்த மிச்சம் தண்ணிமேல மிதந்து நேரா வெடிப்புக்கு அடியில வந்து நிக்கும். சூட்டுக்கோலுக்காகக் காத்துக்கிட்டு."

பழைய குப்பையில் தேடி, உடைந்த டாங்க் ஒன்றிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். "இதை உருக்கி ஊத்துங்க. வேற பிளாஸ்டிக் போட்டா ஒட்டாது. இனம் இனத்தோடதான் சேரும்." எங்கள் டாங்க்கைத் திருப்பிக் கொடுக்கப்போனவர் நிறுத்தி, வெடிப்பை விரலால் தடவினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது தானா விட்ட வெடிப்பு இல்லையே."

"என்னது?" என்றார் அத்தான்.

"தானா விட்டா கோணல்மாணலா ஓடும். இது ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இருக்கு. யாரோ கத்தியால கீறியிருக்காங்க. ஒரு தடவ இல்ல, பல தடவ. கீறின எடம் ஆட்டத்துல விட்டுப்போச்சு."

அத்தான் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் டாங்க்கைப் பார்த்தார். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். பார்த்தது போதும் என்று பையை எடுத்துக்கொண்டு முதலில் வெளியே வந்தேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தான் ஆரம்பித்தார்.

"நான் மேல உக்காந்திருக்கும்போது ஒழுகணும்னு யாரோ கீறியிருக்காங்க."

"யாரோன்னா? நேராச் சொல்லுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"மதியத்துக்கு மேல நான்தான் ஓட்டுறேன். அது ஊருக்கே தெரியும்."

"காலையில நான்தான் ஓட்டுறேன். அதுவும் ஊருக்குத் தெரியும்."

"உன் கால்ல கொப்புளம் இல்லையே தம்பி."

அக்கா கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தாள். கூச்சல் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அமைதியாகத்தான் சொன்னாள்.

"இந்த மாட்ச் முடியட்டும். நாங்க வேற வீடு பாத்துக்கறோம். உயிரோட இருந்தா நல்லது கெட்டதுக்கு வந்து போய்க்கலாம்."

அக்கா அன்று கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீங்க செஞ்சீங்களா?"

"நீயுமா?"

அது ஆமாம் என்பதும் இல்லை, இல்லை என்பதும் இல்லை. கட்டியவரின் முகத்தை நான் அன்று அந்நியர் முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். அவர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் டாங்க்கைக் கழுவியவள் அக்கா. யாரும் சொல்லவில்லை. மைதானத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்ற வைராக்கியம்தான். வெந்நீர் வைத்து, சோப்புத்தூள் போட்டு, உள்ளே கை போகாது என்பதால் கூழாங்கல் பத்துப் பதினைந்தை உள்ளே போட்டுக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினாள். அவள் விரல் முட்டிகளெல்லாம் சிவந்துவிட்டன. அலசித் துவைகல்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

என் வீட்டுக்காரர் குழாயடிக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கிப் பலகை போட்டார். சமையலறை ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துச் சூட்டுக்கோலை மாட்டினார். வெடிப்பு மேலும் ஓடாமல் இருக்க அதன் இரண்டு முனையிலும் ஊசியால் சின்ன ஓட்டை போட்டார். பிறகு டாங்க் வாயில் மூக்கை வைத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். என்னைக் கண்ணால் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவ கழுவிக் குடு."

"அக்கா இப்பத்தான் கழுவி வச்சா."

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

"அவங்க யாரு?"

"என் அக்கா."

"அவர் பொண்டாட்டி."

ஒருத்தி கழுவிவைத்த பாத்திரத்தை அவள் இருக்கிற வீட்டிலேயே இன்னொருத்தி எடுத்து மறுபடி கழுவுவது சாதாரணக் காரியமில்லை. செருப்பால் அடித்தால்கூடக் கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள், இதை மறக்கமாட்டார்கள். எங்கள் அம்மாவின் நாத்தனார் ஒருமுறை அப்படிச் செய்தாள். அம்மா சாகும்வரை அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை.

"நான் கழுவமாட்டேன்" என்றேன். "சூட்டுக்கோல் பிடிக்கப்போறது நீங்க. சந்தேகம்னா நீங்களே கழுவிக்குங்க."

அவர் டாங்க்கை எடுத்துக் குழாய்க்கு அடியில் வைத்துத் திறந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்துவிட்டாள்.

"தம்பி, அது கழுவினது."

"தெரியும் அண்ணி."

"அப்புறம் எதுக்கு?"

"ஒரு பாதுகாப்புக்கு."

"யார்கிட்டேருந்து?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குழாயை மூடினாள். டாங்க்கை அவர் கையிலிருந்து வாங்கினாள். வெடிப்பு மேலே இருக்கும்படி சாய்த்து அதன் விளிம்புவரை தண்ணீர் நிரப்பினாள். பலகையில் போய் உட்கார்ந்து, குழந்தையைப் போட்டுக்கொள்வதுபோல டாங்க்கை மடியில் படுக்கவைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வைங்க உங்க கோலை. நான் சரியாக் கழுவலன்னா முதல்ல என் மூஞ்சி போகட்டும்."

"அண்ணி, எந்திரிங்க."

"வைங்கன்றேன்ல."

"அக்கா!" என்றேன் நான்.

"நீ சும்மா இருடி. இவ்வளவு நாள் உன் வீட்டுச் சோத்தையும் என் வீட்டுச் சோத்தையும் ஒரே பானையில வடிச்சேன். அதுல ஒருநாள் விஷம் வச்சேனான்னு உன் புருஷன் இப்பப் பாத்துக்கட்டும்."

அவர் சூட்டுக்கோலை எடுத்தார். முனை சிவக்கவில்லை, ஆனால் அதைச் சுற்றிக் காற்று நெளிந்தது. அக்கா முகத்தைத் திருப்பவில்லை, கண்ணை மூடவும் இல்லை. கோல் அவள் மடிக்கு ஒரு சாண் மேலே வந்தது. அங்கேயே நின்றது. அவர் கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"கீறினது நான்தான் அண்ணி."

கொட்டகை நிழலில் ஏதோ அசைந்தது. அத்தான் எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தார் என்று தெரியவில்லை.

"ஒழுகணும்னு செய்யல" என்றார் என் வீட்டுக்காரர், தரையைப் பார்த்து. "சாயங்காலம் மைதானத்துல ஊத்தின உடனே எவ்வளவு இருக்குன்னு பேனாவால கோடு போட்டேன். மறுநாள் பாத்தா கோடு அழிஞ்சிருந்துச்சு. அவர்தான் அழிச்சிட்டார்னு நெனச்சேன்."

"பெட்ரோல் சிந்தினா மை நிக்குமாடா?" என்றார் அத்தான்.

"அது இப்பத் தோணுது. அப்பத் தோணல. அழிக்க முடியாத கோடா இருக்கட்டும்னு கத்தியால இழுத்தேன். தெனமும் அதே அளவு ஊத்துவேன், அதே எடத்துல இன்னொரு இழுப்பு. நீங்க கைகழுவப் போயிருக்கும்போது."

"என்னைப் பிடிக்கறதுக்கு."

"ஆமா."

அத்தான் வந்து துவைகல்லில் உட்கார்ந்தார். கால்சட்டையைச் சுருட்டி, உரிந்துகொண்டிருந்த தோலைப் பார்த்தார்.

"நானும் உன்னைத்தான் நெனச்சேன்" என்றார். "ஆனா எனக்குக் கத்தி வரைக்கும் மூளை போகல. பூட்டோட நின்னுபோச்சு."

யாருக்கும் சிரிக்க வரவில்லை.

"அண்ணி, அதைக் குடுங்க" என்றார் என் வீட்டுக்காரர். "இன்னொரு தடவ கழுவிக்கறேன். நீங்க சரியாக் கழுவலன்னு இல்ல. ஒண்ணு ஆச்சுன்னா நான் இவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அக்கா மடியிலிருந்த டாங்க்கை நீட்டினாள்.

"நல்லாத் தேய்ங்க. கழுத்துப்பக்கம் எனக்குக் கை எட்டல."

சகலைகள் இருவரும் கழுவினார்கள். ஒருவர் குலுக்க, ஒருவர் ஊற்ற. கொட்டிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடியபோது அதன்மேல் மெல்லிய படலம் ஒன்று பல நிறத்தில் மினுங்கிக்கொண்டே போனது. பெட்ரோல். கழுத்து மடிப்பில் ஒளிந்திருந்தது. நாலு பேரும் பார்த்தோம். அக்கா ஒரு கையால் வாயை மூடிக்கொண்டாள். அதைப் பற்றி அப்போதும் யாரும் பேசவில்லை, பிறகும் பேசியதில்லை.

மூன்றாவது தண்ணீரும் தெளிவாக ஓடிய பிறகுதான், மறுபடி வெடிப்புவரை தண்ணீர் நிரப்பி, சூட்டுக்கோல் வைத்தார்கள். அத்தான் டாங்க்கைப் பிடித்துக்கொண்டார். அக்காவையும் என்னையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கோல் பட்ட இடம் வெள்ளை மாறிக் கண்ணாடிபோலத் தெளிந்தது. வெடிப்பின் இரண்டு உதடும் உருகி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன. அரைப்புருவம் கொடுத்த துண்டை நீள நீளமாகச் சீவி, ஒவ்வொன்றாக உருக்கி என் வீட்டுக்காரர் மேலே விட்டார். மெழுகு எரிகிற வாசனை வந்தது. ஆறியதும் அந்த இடம் தழும்புபோலத் தடித்து நின்றது.

ஒழுகுகிறதா என்று பார்க்கத் தழும்புக்கு மேல்வரை தண்ணீர் ஊற்றித் துவைகல்லில் வைத்தோம். ஒழுகவில்லை. "உள்ள எடுத்து வை, வெயில் ஆகாது" என்று அத்தான் சொல்ல, என் வீட்டுக்காரர் அதை அப்படியே தூக்கிக் கொட்டகையில், எருமை நிற்கிற இடத்துத் தரையில் வைத்தார். வைத்தவர் குனிந்தபடியே இருந்தார்.

"ஒழுகுதா?" என்றாள் அக்கா.

"ஒழுகல. ஆனா கொறஞ்சிருக்கு."

ஓடிப்போய்ப் பார்த்தோம். தழும்புக்கு மேலே நின்ற தண்ணீர் இப்போது தழும்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது. தரை ஈரமில்லை. அத்தான் டாங்க்கின் மறுபக்கத்துக்குப் போனார். அங்கே தண்ணீர் தழும்பின் உயரத்தையும் தாண்டி ஏறியிருந்தது.

கொட்டகை முன்பு யாரோ வண்டி கழுவுவதற்காகக் கட்டியது. தண்ணீர் தேங்காமல் ஓட, தரையை ஒருபக்கமாகச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். மைதானம் சமம். அங்கே பார்த்த அளவை இங்கே வந்து தேடியிருக்கிறார்கள். இரண்டு பூட்டு போட்டுப் பூட்டிய கொட்டகைக்குள் பெட்ரோல் ராத்திரி முழுக்க டாங்க்கில் அவர்கள் பார்க்காத பக்கமாகச் சாய்ந்து நின்றிருக்கிறது.

அக்காதான் முதலில் பேசினாள்.

"திருடன் கிடைச்சுட்டானா ரெண்டு பேருக்கும்?"

அத்தான் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் தாழ்ப்பாளில் தொங்கிய தன் பூட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தனியாக மைதானத்துப் பக்கம் நடந்து போய்விட்டார். சாப்பாட்டு வேளைக்குத்தான் வந்தார். கதவு திறந்திருந்தது. அக்கா இரண்டு தட்டையும் ஒரே பக்கம் வைத்திருந்தாள்.

மைதானத்தை வெட்டி முடித்தார்கள். மாட்ச் நடந்தது. வேறு வீடு பார்ப்பது பற்றி அக்கா பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. அத்தான் பெட்ரோல் கேனை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். தினம் காலையில் எருமையைக் குழாயடிக்குப் பக்கத்துச் சமதரையில் நிறுத்தி, இருக்கையைத் தூக்கி, கேனைச் சாய்ப்பதற்கு முன் குரல் கொடுப்பார்.

"வா தம்பி. வந்து பாரு."

அந்தக் குரலில் கோபம் இருக்காது. ஆனால் கூப்பிடாமல் ஒருநாளும் ஊற்றமாட்டார். என் வீட்டுக்காரரும் ஒருநாளும் போய்ப் பார்க்கமாட்டார். பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும், செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாலும், முதுகைக் காட்டி நின்றபடியே சொல்வார்.

"பாத்தாச்சு."

அதற்குப் பிறகுதான் அத்தான் ஊற்றுவார். எத்தனை வருஷம் இது நடந்தது என்று நான் எண்ணவில்லை. அவர்கள் மறுபடி சிரித்துப் பேசினார்கள், ஒருவர் காய்ச்சலில் ஒருவர் இரண்டு பங்கு வேலை செய்தார்கள். இந்த இரண்டு வாக்கியம் மட்டும் காலைதோறும் இருந்தது.

பிறகு ஒரு கோடையில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. காரியங்கள் முடிந்து உறவினர்கள் போனார்கள். அதற்கும் சில நாள் கழித்து அத்தான் கொட்டகையைத் திறந்து எருமையை வெளியே எடுத்தார். மைதானத்தில் புல் வளர்ந்துகொண்டிருந்தது, அது யாருக்காகவும் நிற்காது. நான் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன்.

வண்டியை என் பக்கத்தில் நிறுத்தினார். இருக்கையைத் தூக்கினார். கேனை எடுத்து மூடியைத் திருகினார். வாயைத் திறந்தார். யாரையும் கூப்பிடவில்லை. கேனைப் பிடித்தபடி நின்றார். ஊற்றவில்லை, கீழே வைக்கவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தார்.

நான் திரும்பாமல், துணியைப் பிழிந்துகொண்டே சொன்னேன்.

"பாத்தாச்சு அத்தான்."

பெட்ரோல் இறங்கும் சத்தம் கேட்டது.